நாற்பது வளைவும் ஒரு லிட்டர் ஆயிலும்

ஜூன் 8, ஞாயிறு

கி.மீ. 91,340. டீசல் முக்கால் டேங்க். வைப்பர் ரப்பர் மாற்றினேன்.

எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிய இருபத்திரண்டு வருஷமும் லாக் புக் எழுதாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது துரையின் சட்டம். வேலையை விட்டு நாலு வருஷமாகியும் கை நிற்கவில்லை. ரோஸ்லின் இதை டைரி என்று கேலி செய்கிறாள். டைரி எழுத நான் என்ன வயசுப் பெண்ணா? இது லாக் புக்.

மழைக்கு முன்னால் வண்டிக்கு ஆயில் எல்லாம் மாற்றிவிட்டேன். என் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் என்று ஒரு பெட்டி உண்டு. இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அதன் நட்டைக் கழற்றினால், சிவப்பாக ஏதோ தண்ணீராய் ஓடி வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், பிசுக்கே இல்லை. வண்டியை எனக்கு விற்ற கோயமுத்தூர்க்காரர் வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டி, அது நீர்த்துப்போயிருக்கிறது. நன்றாக வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிவிட்டு, புது டப்பா தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை உடைத்து ஊற்றினேன். கெட்டியாக, தேன்போல இறங்கியது. எஸ்டேட் ஜீப்பில் கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர், பின் அச்சு மூன்றுக்கும் தொண்ணூறுதான் ஊற்றினேன். ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை.

ஊற்றும்போது ரோஸ்லின் வந்து நின்றாள். “ஏங்க, டேஷ்போர்டுல புக்கு இருக்கே, ஒருதடவ பாத்துட்டு ஊத்தக் கூடாதா?”

“ஏன், நீ வந்து ஊத்துறியா?” என்றேன். உள்ளே போய்விட்டாள்.

பழைய ஆயிலை வீணாக்குவானேன் என்று கேட்டின் கீலுக்கெல்லாம் விட்டேன். வருஷக்கணக்காய்க் கிறீச்சிட்ட கேட் அது.

ஜூன் 10, செவ்வாய்

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி, திரும்ப. பயணி: செண்பகவல்லி டீச்சர்.

செவ்வாயும் வெள்ளியும் டீச்சரை டயாலிஸிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன். எஸ்டேட் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், இரண்டு கிட்னியும் போய்விட்டது. தனியாக இருக்கிறார். மழைக்காலத்தில் அந்த நாற்பது கொண்டைஊசி வளைவில் வாரம் இரண்டு தடவை இறங்கி ஏற வேறு யாரும் வண்டி தர மாட்டேன் என்றார்கள். நான் வருகிறேன் என்றேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேறு எதற்கு இருக்கிறது?

ஆயில் மாற்றியதைச் சொன்னேன். “தண்ணியா கெடந்தத இறக்கிட்டுத் தொண்ணூறு ஆயில் ஊத்தியிருக்கேன் டீச்சர். கெட்டியான ஆயில். இனி வண்டி வெண்ணெய்தான்.”

“எனக்கு வெண்ணெய் ஆகாது, டாக்டர் திட்டுவார்” என்றார். சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

வளைவுகளில் வண்டி லேசாக உதறியது. டயரில் காற்று கூடுதல்.

ஜூன் 11, புதன்

காற்று பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மழை பிடித்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும் இடங்களில் கீழிருந்து ஒரு உறுமல் வருகிறது, வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது. ரோடு மோசம். போன வருஷம் போட்ட தார் அதற்குள் பெயர்ந்து கிடக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் கேட்டார். “மாசிலாமணி, படிக்க ஏதாச்சும் இருக்கா? நாலு மணி நேரம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டே படுத்திருக்க முடியல.”

வண்டியின் புத்தகத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. “அதையே குடுங்க, இங்கிலீஷ்தானே” என்று வாங்கிக்கொண்டு போனார். வாத்தியார் புத்தி யாரை விட்டது!

திரும்பும்போது பேச்சில்லை. மெஷினில் நாலு மணி நேரம் கிடந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும். கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை மட்டும் நாற்பது வளைவும் விடாமல் பிடித்திருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

டீச்சரை உள்ளே விட்டுவிட்டு, பிரேக் ஆயில் வாங்கக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் ஆட்டோமேட்டிக் காருக்கு ஆயில் கேட்டார். கடைக்காரர் பாட்டிலைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றிக் காட்டினார். புது ஆயில். சிவப்பு. தண்ணீராய் ஓடியது.

வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. என் வீட்டு கேட்டில் இருக்கிறது.

நீர்த்துப் போகவில்லை. அது பிறவியிலேயே அப்படித்தான்.

கேட்க வாயெடுத்தேன். எங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டு ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். ‘ஜீப்பு மாசிலாமணி’ என்றால் மலை முழுக்கத் தெரியும். பிரேக் ஆயிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எல்லா வண்டியும் ஒன்றா என்ன? அது ஆட்டோமேட்டிக் கார். என்னுடையது வேறு.

ஜூன் 18, புதன்

கேட் சத்தமே போடுவதில்லை. நல்ல ஆயில்தான்.

ஜூன் 20, வெள்ளி

கிளம்பும்போதே டீச்சர் ஆரம்பித்தார். “மாசிலாமணி, ஆயில் எல்லாம் ஒருதடவ பாத்துக்கிட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “டீச்சர், நான் உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றேனா? வண்டிய எங்கிட்ட விடுங்க.”

“சரிங்க” என்றார். அப்புறம் பொள்ளாச்சி வரை நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. வண்டி என் வண்டி, இதில் ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் எப்படி?

ரோஸ்லினின் தம்பி சந்தியாகு பொள்ளாச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவனாகவே போன் செய்து வரச்சொன்னான். யார் சொல்லிக் கூப்பிட்டானோ தெரியாது. வண்டியை ஒர்க்‌ஷாப் முற்றத்தில் இரண்டு வட்டம் அடித்துவிட்டு இறங்கினான். முகம் சரியில்லை.

“அத்தான், ட்ரான்ஸ்ஃபர்ல என்ன ஆயில் ஊத்துனீங்க?”

“கம்பெனி ஆயில்தான் மாப்ளே.”

பொய்யில்லை. தொண்ணூறு ஆயிலையும் ஏதோ ஒரு கம்பெனிதானே செய்கிறது.

“கம்பெனி ஆயில்னா இப்படி இழுக்காதே. உள்ள மெல்லிசு மெல்லிசா தட்டு அடுக்கியிருக்கும் அத்தான். அந்த ஆயில்ல ஊறிக்கிட்டேதான் அது பிடிக்கிறதும் விடுறதும். ஆயில் கெட்டியாயிருந்தா தட்டு ஒட்டிக்கிட்டு விடாது. வளைவுல சக்கரம் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டும். அஞ்சு நாளைக்கு விட்டுட்டுப் போங்க, தொறந்து பாத்துடறேன்.”

“செவ்வாய்க்கிழமை டீச்சருக்கு இருக்கே, எப்படி விடுறது” என்று கிளம்பிவிட்டேன். உண்மையான காரணம்தான். ஐந்து நாள் வண்டி நின்றால் டீச்சர் ஒரு முறையைத் தவறவிட வேண்டும். தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஏறும்போது இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. கை வியர்த்துக்கொண்டே இருந்தது. மழைக்காலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

பகலில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நான் வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லினிடம் உள்ளே வெகுநேரம் பேசிவிட்டு, தன் வீட்டு மாற்றுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மகன் மஸ்கட்டிலிருந்து வந்தால் கொடுக்கவாம். பீரோவில் ஒரு கடிதமும் இருக்கிறதாம்.

உடம்பு மோசமாகிவிட்டது போலிருக்கிறது. டாக்டர் ஏதோ நாள் சொல்லியிருக்கிறார், அதுதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வருகிறார். பாவம்.

ரோஸ்லினிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க” என்றாள். கண் சிவந்திருந்தது. சாயங்காலம் பார்த்தால், தன் ஜெபமாலையை வண்டிக் கண்ணாடியில் கட்டியிருக்கிறாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து இல்லாத பக்தி.

ஜூன் 24, செவ்வாய்

அடைமழை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தவிர ஒன்றும் இல்லை. வளைவுகளின் நம்பர் அடிவாரத்திலிருந்து மேலே ஏறும். முப்பத்தெட்டாம் வளைவிலேயே மஞ்சள் விளக்கு ஒன்று மீட்டரில் எரிந்தது. முப்பதுக்கு வரும்போது கருகல் வாசனை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது. வலி என்று நினைத்தேன்.

பலகைகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். இருபத்தொன்பது. இருபத்தெட்டு. ஒவ்வொன்றிலும் திருப்பும் முன் மூச்சைப் பிடித்து, திரும்பியபின் விட்டேன். இந்த ரோட்டில் எனக்குப் பயம் வந்ததேயில்லை. தூங்கி எழுந்து வேட்டியைக் கட்டுகிற மாதிரி ஓட்டியவன் நான். இன்றைக்கு முழங்கால் நடுங்கியதில் பிரேக் பெடல் ஆடியது.

திரும்புகையில் அட்டகட்டியில் டீ குடிக்க நிறுத்தினேன். சொல்லிவிடலாம் என்றுதான் நிறுத்தினேன். டீச்சர் என் முகத்தையே பார்த்தார், அவரும் ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி இருந்தது. “டீயில சர்க்கரை தூக்கல்” என்றேன். “ஆமா” என்றார். அவர் டீயே வாங்கவில்லை. அவருக்கு அளந்துதான் தண்ணீர்.

ஜூன் 26, வியாழன்

நாளைக்கு ஒரு நாள். போய் வந்ததும் வண்டியைச் சந்தியாகுவிடம் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு நாள்.

ஜூன் 27, வெள்ளி

எழுத்து கோணினால் கோணட்டும்.

இருபத்துமூன்றாம் வளைவு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் இடுப்புயரக் கட்டைச் சுவர், அதற்கப்பால் பள்ளம். மெதுவாகத்தான் வந்தேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நாலு சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, ஈர ரோட்டில் நேராகச் சுவரைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்தேன், வழுக்கிக்கொண்டே போனது. “ஏசுவே” என்று கத்தியது நான்தான். டீச்சர் கத்தவில்லை.

முன்பக்கம் சுவரில் முட்டி நின்றது. சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

வண்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது. கதவைத் திறந்து டீச்சரைக் கீழே இறக்கினேன். குடை பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. நனைந்துகொண்டு நின்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “அடுத்த பஸ்ஸு எப்ப வரும்?”

அரை மணியில் வந்தது. ஒரு அம்மாள் எழுந்து டீச்சருக்கு இடம் கொடுத்தார். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். டீச்சர் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து வைத்துக்கொண்டார், பஸ்ஸில் அவருக்கு வாந்தி வரும். பதினாலாம் வளைவில் என் வாய் தானாகத் திறந்தது.

“டீச்சர், தப்பு என்னோடது. ட்ரான்ஸ்ஃபர்ல தப்பான ஆயில ஊத்திட்டேன். அது தப்புன்னு தெரிஞ்சும் பத்து நாளா உங்களக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவருடைய அச்சடித்த மாதிரியான கையெழுத்து. ட்ரான்ஸ்ஃபர் ஆயிலின் பெயர், நம்பர், எத்தனை மில்லி எல்லாம் இருந்தது. அடியில் தமிழில்: ‘கெட்டியான கியர் ஆயில் ஊற்றக் கூடாது. தட்டுகள் எரியும். வளைவில் வண்டி திரும்பாமல் போகலாம்.’ மேலே தேதி போட்டிருந்தார். வாத்தியார் பழக்கம். ஜூன் 13.

பதினாலு நாளாக அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

“ஏன் டீச்சர் சொல்லல?” சத்தமாகவே கேட்டுவிட்டேன். பஸ்ஸில் ஆள் இருப்பது நினைவில்லை.

“சொன்னா வண்டிய நிறுத்திடுவீங்க. அப்புறம் நான் எதுல வர்றது? இந்த பஸ்ஸுல வாரம் ரெண்டு தடவ வந்தா ஆஸ்பத்திரி போய்ச் சேர மாட்டேன். அது ஒண்ணு.”

“இன்னொண்ணு?”

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “கேட்டுப் பாத்தேனே, இருபதாம் தேதி. நீங்க என்ன சொன்னீங்க?”

சொன்னது ஒவ்வொரு எழுத்தாக நினைவுக்கு வந்தது. இதே நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

“நாப்பது வளைவும் முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும் மாசிலாமணி. உங்க கோவம் வீடு போற வரைக்கும் முடியாது. எனக்கு அதத் தாங்கத் தெம்பு இல்ல.”

அதன்பிறகு அவர் கவரை வாயருகே பிடித்துக்கொண்டார். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

ஜூன் 28, சனி

சந்தியாகு வந்து பார்த்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடுமாம். லாரி கொண்டுவந்து மேலே ஏற்றித்தான் கொண்டுபோனான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

ஆயில் வாங்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று பாட்டிலை வரிசையாக வைத்தார். மூன்றும் சிவப்புத்தான். “எல்லாம் ஒண்ணுதாங்க, எத வேணாலும் ஊத்துங்க” என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பேசியிருப்பேன். கை எதையும் எடுக்கப் பயந்தது. தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். ஸ்டாண்டு ஆட்கள் இன்றைக்கும் இருந்தார்கள், இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டிலின் முதுகிலும் இருந்த நம்பரை எழுத்துக்கூட்டி, தாளோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. நிறத்தைப் பார்த்து வாங்கியிருந்தால் இரண்டாம் தடவையும் கெடுத்திருப்பேன்.

சரியானது கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும். சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

டீச்சருடன் பஸ்ஸில் போய் வந்தேன். நாலு தடவை வாந்தி. மயங்கவில்லை.

ஜூலை 2, புதன்

பெட்டியைத் திறந்தான் சந்தியாகு. நான் ஊற்றிய தேன், கரியாக இறங்கியது. அதில் மினுமினுவென்று இரும்புத் துகள். தட்டுகளில் பாதி கருகியிருந்தது, மாற்றினான். சரியான ஆயிலை ஊற்றி ஓடவிட்டு, அதை இறக்கிவிட்டு, மறுபடி புதிதாக ஊற்றினான். தாளைப் படித்து அளவைச் சொன்னது நான். அளந்து ஊற்றியது அவன்.

“அத்தான், இருபதாம் தேதி உங்களக் கூப்பிட்டனே. அக்காதான் போன் பண்ணிச்சு” என்றான், கையைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து ரோஸ்லினிடம் கேட்டேன். கருகல் வாசனை 17ஆம் தேதியே என் சட்டையில் வந்துவிட்டதாம், அதனால்தான் தம்பிக்குச் சொன்னாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்க வந்த டீச்சர் முழுசாகவே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து, யார் என்னிடம் சொல்வது என்று பேசியிருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

“செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் என்னைப் போகவிட்டியே ரோஸ்லின்.”

“சொல்லத்தாங்க வெளிய வந்தேன். நீங்க வண்டியத் தொடச்சிக்கிட்டு நின்னீங்க. வாய் வரல. உள்ள போயி ஜெபமாலைய எடுத்துட்டு வந்தேன்.”

“எங்கிட்ட உனக்கு அவ்வளவு பயமா?”

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, சாதம் வெந்துவிட்டதா என்று பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனம். வளைவில் எனக்கு முழங்கால் நடுங்கியதே, அந்த நடுக்கத்தோடு இவள் என் வீட்டில் எத்தனை நாள் சோறு போட்டாளோ தெரியவில்லை.

ஜூன் 8ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, கோயமுத்தூர்க்காரரைத் திட்டியதை அடித்தேன். அவர் ஊற்றியதுதான் சரியான ஆயில்.

ஜூலை 4, வெள்ளி

கி.மீ. 92,718. டீசல் முழு டேங்க். ட்ரான்ஸ்ஃபர் ஆயில் புத்தகத்தில் உள்ளபடி.

காலையில் டீச்சர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ரோஸ்லினும் கூட வந்தாள், நான்தான் கூப்பிட்டேன். டீச்சர் ஏறும் முன்னால் ஒரு கணம் நின்றார். கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்தது. கேட்கவில்லை.

“கேளுங்க டீச்சர்” என்றேன்.

“ஆயில் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு.” காலி பாட்டிலைக் கொண்டுவந்திருந்தேன், கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்த தாளோடு நம்பர் நம்பராக ஒத்துப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முன்னால் நிற்கிற மாதிரி நான் நின்றேன். கடைசியில் தலையசைத்தார்.

ரோஸ்லின் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வீட்டுச் சாவியை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள். “இனி இது எதுக்கு டீச்சர், வச்சுக்கோங்க.”

டீச்சர் சாவியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு ரோஸ்லினின் விரல்களை அதன்மேல் மடித்து மூடினார்.

“இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்கிட்டயே இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.